துண்டு விழாத கணக்கு

1885ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியில், ஃப்ரைபெர்க் நகருக்கு அருகே ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் என்ற சுரங்கத்தில் புதுவகை வெள்ளித் தாது ஒன்று கிடைத்தது. ஆல்பின் வைஸ்பாக் என்ற கனிமவியலாளர் அதற்கு ஆர்கிரோடைட் என்று பெயர் வைத்தார். அதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளரிடம் வந்தது. பிரித்தார், நிறுத்தார், கூட்டினார். வெள்ளி ஏறத்தாழ 75 சதவீதம், கந்தகம் 18 சதவீதம். நூறு வரவேண்டிய இடத்தில் ஏழு சதவீதம் துண்டு விழுந்தது. திரும்பச் செய்தார்; மறுபடியும் அதே துண்டு. சில மாதங்கள் போராடி, 1886 பிப்ரவரி 6 அன்று அந்த ஏழு சதவீதத்தைக் கையில் பிடித்தார். அதுவரை யாரும் கண்டிராத தனிமம் அது. தன் நாட்டின் பெயரால் அதை ஜெர்மானியம் என்று அழைத்தார். மெண்டலீவ் 1871இல் சிலிக்கனுக்குக் கீழே காலியாக விட்டு வைத்திருந்த கட்டம் நிரம்பியது.

இதற்கு 28 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில் இன்னொரு துண்டு விழுந்தது. பெர்லினில் ஹான்ஸ் கைகரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த இளம் ஆங்கிலேயர் ஜேம்ஸ் சாட்விக், கதிரியக்கத்தில் வெளிவரும் பீட்டா கதிர்களின் ஆற்றலை 1914இல் அளந்தார். பீட்டா கதிர் என்பது அணுக்கருவிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான். ஒரு கரு இன்னொரு கருவாக மாறும்போது எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறதோ அவ்வளவையும் அந்த எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்படியானால் எல்லா எலக்ட்ரான்களும் ஒரே ஆற்றலோடு வர வேண்டும். அவை அப்படி வரவில்லை. ஒன்று நிறைய ஆற்றலோடு வந்தது, ஒன்று கொஞ்சத்தோடு வந்தது; பெரும்பாலானவற்றில் கணக்கு குறைந்தது. பெர்லினிலேயே லீஸ மைட்னர் 1930 வாக்கில் மிகக் கவனமாக அளந்து, குறைவது உண்மைதான் என்று உறுதி செய்தார். நீல்ஸ் போர் போன்ற பெரிய மனிதரே, அணுக்கருவுக்குள் ஆற்றல் அழியா விதி செல்லாதோ என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த நிலையில்தான் 1930 டிசம்பர் 4 அன்று சூரிக்கிலிருந்து வோல்ஃப்காங் பவுலி ஒரு கடிதம் எழுதினார். டூபிங்கன் நகரில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். மைட்னரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். குறையும் ஆற்றலை நம் கருவிகள் எவற்றிலும் சிக்காத, மின்னூட்டமில்லாத சின்னத் துகள் ஒன்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். சூரிக்கில் ஒரு நடன விருந்து இருப்பதால் தன்னால் நேரில் வர இயலவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். அந்தத் துகளுக்கு நியூட்ரினோ என்ற பெயரை இத்தாலியின் என்ரிகோ ஃபெர்மி நிலைநிறுத்தினார். 1956இல் அமெரிக்காவில் ரெயின்ஸும் கோவனும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் அதைக் கண்டே பிடித்தார்கள்.

விங்க்ளரின் துண்டுக்குக் காரணமான பொருளைப் புட்டியில் அடைத்து, எடை பார்க்க முடிந்தது. பவுலியின் துண்டுக்குக் காரணமான துகளின் எடை இன்றுவரை தெரியாது. எலக்ட்ரான், புரோட்டான், குவார்க், ஹிக்ஸ் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. நியூட்ரினோவுக்கு மட்டும் இல்லை. அது எடையே இல்லாதது என்றுகூட நெடுங்காலம் நினைத்தார்கள். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 1998இலும், கனடாவின் சட்பரி ஆய்வகம் அடுத்த சில ஆண்டுகளிலும், நியூட்ரினோக்கள் போகும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று காட்டின. எடை இல்லாதது அப்படி மாற முடியாது. 2015 நோபல் பரிசு இதற்குத்தான். ஆனால் இந்த மாற்றத்தை அளந்தால் மூன்று நியூட்ரினோ எடைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரியுமே தவிர, எடை தெரியாது. அவற்றில் ஒன்றாவது 0.05 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கீழ் எல்லை கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, எலக்ட்ரானின் எடை 5,11,000 எலக்ட்ரான் வோல்ட்.

எடையைத் தெரிந்துகொள்ள ஜெர்மானியர்கள் இரண்டு வழிகளில் இறங்கியிருக்கிறார்கள். ஒன்றில் துண்டு விழும் கணக்கை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அது கார்ல்ஸ்ரூவில் நடக்கிறது; பிறகு வருகிறேன். மற்றொன்றில் துண்டே விழாத கணக்கு ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். என்னை அதிகம் ஈர்ப்பது இரண்டாவது வழி. அதில் வேலை செய்யும் பொருள் விங்க்ளரின் ஜெர்மானியமே.

இயற்கையில் கிடைக்கும் ஜெர்மானியத்தில் நூற்றுக்கு ஏழெட்டு அணுக்கள் ஜெர்மானியம்-76 என்ற வகையைச் சேர்ந்தவை. 32 புரோட்டான், 44 நியூட்ரான். சாதாரண பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். அப்படி மாறினால் இது ஆர்சனிக்-76 ஆக வேண்டும். ஆனால் ஆர்சனிக்-76இன் ஆற்றல் ஜெர்மானியத்துடையதைவிட அதிகம். கையில் இல்லாத ஆற்றலைச் செலவழிக்க முடியாது. அந்த வழி அடைபட்டுவிட்டது. அதற்கும் அடுத்த செலினியம்-76இன் ஆற்றலோ குறைவு. ஆகவே இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் இரண்டு புரோட்டான்களாக மாறினால் வழி பிறக்கும். இரண்டு எலக்ட்ரான்கள் வெளியே வரும். கூடவே இரண்டு எதிர்நியூட்ரினோக்கள் கிளம்பி, வழக்கம்போல ஆற்றலில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். இதற்கு இரட்டை பீட்டா சிதைவு என்று பெயர்.

இப்படி நடக்கக்கூடும் என்று முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் மரியா கோப்பர்ட் மாயர். கோட்டிங்கன் நகரில் வளர்ந்து, அங்கேயே மாக்ஸ் போர்னிடம் 1930இல் முனைவர் பட்டம் பெற்றவர். மணமாகி அமெரிக்கா போனார். அங்கே பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் அவருக்கு முறையான சம்பளப் பதவி தரவில்லை. அந்தக் காலத்தில், 1935இல், அவர் எழுதிய கட்டுரை இது. அரை ஆயுள் குறைந்தது 10¹⁷ ஆண்டுகள் இருக்கும் என்று கணித்தார். 1963இல் அணுக்கருவின் ஓடு அமைப்பைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்றபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த 1935 கட்டுரையும் அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்தில் இந்தச் சிதைவை நேரடியாகப் பார்க்க 1987 வரை, அதாவது அரை நூற்றாண்டுக்கு மேல், பிடித்தது. ஜெர்மானியம்-76க்கு இன்று அளந்திருக்கும் அரை ஆயுள் சுமார் 2 × 10²¹ ஆண்டுகள்; இரண்டு கோடி கோடி கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது வெறும் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இவ்வளவும் நடப்பது உறுதியானது. நடக்கிறதா என்று தெரியாத இன்னொன்று இருக்கிறது. 1937இல் இத்தாலிய இளைஞர் எட்டோரே மயோரானா ஒரு யோசனையை முன்வைத்தார். மின்னூட்டமில்லாத துகள் ஒன்று தனக்குத்தானே எதிர்த்துகளாக இருக்கலாமே என்றார். எலக்ட்ரானுக்கு எதிர்த்துகள் பாசிட்ரான். மின்னூட்டம் மாறுபடுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. நியூட்ரினோவுக்கு மின்னூட்டமே இல்லை. அப்படியானால் நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றேதானோ? அடுத்த ஆண்டு மார்ச்சில் பலெர்மோவுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையிலான கப்பல் பயணத்தில் மயோரானா காணாமல் போனார்; பிறகு அவரைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியவில்லை. அவருடைய கேள்வி நிலைத்துவிட்டது. 1939இல் வெண்டல் ஃபரி அதன் விளைவைச் சொன்னார். நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகள் என்றால், இரட்டை பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் வெளியிடும் நியூட்ரினோவை அதே கருவுக்குள் இன்னொரு நியூட்ரான் விழுங்கிவிடலாம். வெளியே ஒன்றும் வராது, இரண்டு எலக்ட்ரான்களைத் தவிர.

அப்படி நடந்தால் கணக்கில் துண்டு விழாது. ஜெர்மானியம்-76 செலினியமாகும்போது மிஞ்சும் ஆற்றல் 2,039 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோ எதையும் எடுத்துக்கொண்டு போகாததால், இரண்டு எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கூட்டினால் ஒவ்வொரு முறையும் சரியாக அந்த 2,039 வரும். ஆற்றல் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கூர்மையான கோடு எழும். எத்தனை முறை நடக்கிறது என்பது நியூட்ரினோவின் எடையின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை அதிகமென்றால் அடிக்கடி நடக்கும், குறைவென்றால் அபூர்வம். ஆகவே அந்தக் கோட்டின் உயரம் எடைக்கு ஓர் அளவுகோல்.

இதில் எடையைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. இந்தச் சிதைவில் இரண்டு எலக்ட்ரான்கள் புதிதாகப் பிறக்கின்றன, அவற்றை ஈடுகட்ட எதிர்ப்பொருள் எதுவும் பிறப்பதில்லை. பொருள் மட்டும் கூடுகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக உண்டாகி ஒன்றையொன்று அழித்திருந்தால், நட்சத்திரமும் நாமும் இருந்திருக்க மாட்டோம். பொருளின் பக்கம் சிறிது மிஞ்சியது. அந்த மிச்சம் நியூட்ரினோவின் வழியாக வந்திருக்கலாம் என்பது பல இயற்பியலாளர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் வாதம். அதற்கான முதல் தடயம் ஒரு ஜெர்மானியப் படிகத்துக்குள் எழும் இரண்டு எலக்ட்ரான்களாக இருக்கலாம்.

ஏன் ஜெர்மானியம்? இரண்டு வேலைகளை அது ஒருங்கே செய்கிறது. சிதைய வேண்டிய அணுவும் அதுதான், சிதைவைப் பதிவு செய்யும் கருவியும் அதுதான். உயர்தூய்மையான ஜெர்மானியப் படிகம் ஒரு குறைகடத்தி. உள்ளே எலக்ட்ரான் ஓடினால் மின்துடிப்பு ஒன்று எழும். அந்தத் துடிப்பின் அளவே ஆற்றலின் அளவு. 2,039இல் ஓரிரண்டு கிலோ எலக்ட்ரான் வோல்ட் பிசகுக்குள் அது சொல்லிவிடும். இந்தத் துல்லியத்தில் அதோடு போட்டியிடும் பொருள்கள் மிகக் குறைவு.

ஹைடல்பெர்க் நகரில் உள்ள மாக்ஸ் ப்ளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனம் 1990 முதல் 2003 வரை மாஸ்கோ ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தத் தேடலை நடத்தியது. ஜெர்மானியம்-76இன் பங்கை ஏழெட்டு சதவீதத்திலிருந்து 86க்கு உயர்த்திய படிகங்கள், மொத்தம் ஏறத்தாழ 11 கிலோ. அவற்றை இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே வைத்தார்கள். 2001 இறுதியில் அந்தக் குழுவின் தலைவர் ஹான்ஸ் ஃபோல்கர் கிளாப்டர் க்ளைன்க்ரோட்ஹவுஸும் உடன் சிலரும் கோட்டைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். 2004இல் விரிவான கட்டுரை வந்தது. 13 ஆண்டுத் தரவில் சுமார் 29 நிகழ்வுகள், அரை ஆயுள் 1.19 × 10²⁵ ஆண்டுகள். உண்மையென்றால் அது நோபல் பரிசுக்கும் மேலான செய்தி.

ஆனால் அந்தக் கோடு தனியாக நிற்கவில்லை. யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214 என்ற கதிரியக்கப் பொருள் அதே வட்டாரத்தில், 2,010இலும் 2,053இலும் தன் சொந்தக் கோடுகளைப் போடுகிறது. பின்னணியைக் கணக்கிட்ட விதத்தைப் பலர் கேள்வி கேட்டார்கள். கூட்டுக் குழுவின் மாஸ்கோ உறுப்பினர்களே அந்த முடிவை ஏற்கவில்லை. சான்று இருக்கிறது என்றும் இல்லை என்றும் பத்தாண்டுக் காலம் மாநாடுகளில் வாதம் நடந்தது. வாதத்தால் தீரக்கூடியது அன்று அது. பின்னணியைப் பன்மடங்கு குறைத்து, அதே ஜெர்மானியத்தைக் கொண்டு மறுபடியும் பார்க்க வேண்டும். பார்த்தார்கள், அதுவும் அதே ஹைடல்பெர்க் நிறுவனத்தை முக்கியப் பங்காளியாகக் கொண்டு. தன் கூரையின் கீழ் எழுந்த ஒரு கோரிக்கையைத் தானே முன்னின்று சோதித்துப் பார்க்கும் பண்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 2004இல் முன்மொழியப்பட்ட அந்தச் சோதனையின் பெயர் கெர்டா. ம்யூனிக்கின் மாக்ஸ் ப்ளாங்க் இயற்பியல் நிறுவனமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், டூபிங்கன் பல்கலைக்கழகமும், இத்தாலி, ரஷ்யா, போலந்து உள்ளிட்ட பிற நாட்டு நிறுவனங்களும் சேர்ந்தன.

நம் உடலைப் போன்ற சத்தம் மிகுந்த இடத்தில் இந்தச் சிதைவைத் தேட முடியாது. நாம் உண்ணும் உணவிலிருந்து வந்து சேர்ந்த பொட்டாசியம்-40 மட்டுமே வளர்ந்த ஒரு மனித உடலில் நொடிக்குச் சுமார் நாலாயிரம் முறை சிதைகிறது. கெர்டா தேடியதோ, 40 கிலோ படிகத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடந்தாலே பெரிது என்ற ஒரு நிகழ்வை. சுவரில் கதிரியக்கம், கம்பியில் கதிரியக்கம், காற்றில் ராடான், மேலிருந்து காஸ்மிக் கதிர்கள்.

முதல் எதிரி வானம். தரைமட்டத்தில் வைத்திருக்கும் ஜெர்மானியத்தைக் காஸ்மிக் கதிர்கள் தாக்கி, அதற்குள்ளேயே ஜெர்மானியம்-68, கோபால்ட்-60 போன்ற கதிரியக்க அணுக்களை உண்டாக்கிவிடும். அவற்றில் ஜெர்மானியம்-68ஐ எந்த வேதிச் சுத்திகரிப்பாலும் எடுக்க முடியாது. ஆகவே ரஷ்யாவின் செலெனோகோர்ஸ்க்கில் செறிவூட்டிய ஜெர்மானியத்தை விமானத்தில் ஏற்றவில்லை. உயரே போகப் போகக் கதிர்கள் அதிகம். கனத்த இரும்புக் கவசத்துக்குள் வைத்துத் தரைவழியாகக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் லாங்கல்ஷைம் என்ற ஊரில் உள்ள ஆலையில் அதைச் சுத்திகரித்தார்கள். பக்கத்திலுள்ள கோஸ்லாரில் ராமல்ஸ்பெர்க் என்ற சுரங்கம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகச் செம்பும் ஈயமும் வெள்ளியும் தந்து, 1988இல் மூடப்பட்டு, இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகவும் அருங்காட்சியகமாகவும் இருப்பது. ஆலையில் வேலை நடக்காத நேரங்களில் ஜெர்மானியத்தை அந்தச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பெல்ஜியத்தில் படிகங்களைச் சோதித்தபோதும் 200 மீட்டருக்கும் ஆழமான நிலத்தடிக் கூடத்தில்தான் சோதித்தார்கள். அந்த ஜெர்மானியம் வானத்தைப் பார்த்த நேரம் மணிக்கணக்கில் எண்ணிக் குறிக்கப்பட்டது.

கிரான் சாஸ்ஸோவில் பாறையின் தடிமன் காஸ்மிக் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. அதையும் மீறி வருபவற்றைப் பிடிக்கப் பத்து மீட்டர் விட்டமுள்ள தண்ணீர்த் தொட்டி. மியூவான் பாயும்போது நீரில் தோன்றும் நீல ஒளியைக் காணும் கண்களை அதில் பொருத்தியவர்கள் டூபிங்கன் ஆய்வாளர்கள். பவுலியின் கடிதம் போய்ச் சேர்ந்த அதே ஊர்க்காரர்கள். தொட்டிக்குள்ளே 64 கன மீட்டர் திரவ ஆர்கான், மைனஸ் 186 டிகிரி குளிரில். அதற்குள்ளே, எந்தப் பெட்டியும் உறையும் இல்லாமல், வெறும் படிகங்களைச் சரங்களாகத் தொங்கவிட்டார்கள். இந்த ‘வெறும் படிகம்’ யோசனையை ஹைடல்பெர்க்கின் கெர்ட் ஹாய்சர் 1995இலேயே சொல்லியிருந்தார். சுற்றியிருக்கும் செம்பு, இரும்பு, பற்றவைப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் கதிரியக்கத்தைக் கொண்டுவரும். திரவமாக்கிய மந்த வாயுக்களோ உலகின் மிகத் தூய பொருள்களில் சேர்ந்தவை. பின்னர் ஆர்கானையே இன்னொரு காவலாக மாற்றினார்கள். கதிர் பட்டால் திரவ ஆர்கான் ஒளிரும். படிகத்தில் துடிப்பு எழும் அதே கணத்தில் ஆர்கானும் ஒளிர்ந்தால், அந்தத் துடிப்பு வெளியாரின் வேலை, தள்ளிவிடலாம்.

தள்ளிவிட வேண்டியவற்றில் முக்கியமானது தோரியத்தின் கதிர். இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். அதைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழிலைத் தொடங்கினார். அன்றைய தேவை காஸ் விளக்குத் திரி. அதற்குத் தோரியம் வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரையின் அந்தக் கருமணலில் உள்ள தோரியம் படிப்படியாகச் சிதைந்து, இறுதிக்கு அருகில் தாலியம்-208 ஆகும். அது 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளிவிடும். 2,039ஐவிட அதிகம் என்பதுதான் தொல்லை. வழியில் மோதிக் கொஞ்சம் ஆற்றலை இழந்து வந்தால், அது 2,039இல் வந்து விழுந்து வேஷம் போடக்கூடும். தோரியம் பூமியின் பாறையெங்கும் துளித்துளியாகக் கலந்திருக்கிறது. உலோகத்தில், கம்பியில், பசையில் எங்கும் சிறிதளவு ஒட்டி வரும். நல்லவேளையாகக் காமா கதிர் படிகத்தில் பல இடங்களில் மோதி ஆற்றலைச் சிதறடிக்கும். இரட்டை பீட்டா எலக்ட்ரான்களோ பிறந்த இடத்திலேயே, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள், எல்லாவற்றையும் கொட்டிவிடும். துடிப்பின் வடிவத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தார்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். 2,039ஐச் சுற்றிய பகுதியில் விழும் நிகழ்வுகளைக் கணினி ஒளித்து வைத்துவிடும். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகள் அனைத்தையும் முடிவு செய்து பூட்டிய பிறகே திரையை விலக்குவார்கள். ஆசைப்படும் கண் கோட்டை வரைந்துவிடும் என்பதை ஹைடல்பெர்க் சர்ச்சை கற்றுக்கொடுத்திருந்தது. 2013இல் முதல் கட்டத் தரவின் திரை விலகியது. முந்தைய கோரிக்கை சரியென்றால், இரண்டு பின்னணி நிகழ்வுகளோடு ஆறு சிதைவுகளும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தமே மூன்றுதான் இருந்தன. பின்னணிக்கே அது போதும். அரை ஆயுள் 2.1 × 10²⁵ ஆண்டுகளுக்கு மேல் என்று அறிவித்தார்கள். பத்தாண்டு விவாதம் முடிந்தது.

இரண்டாம் கட்டம் 2015 டிசம்பரில் தொடங்கி 2019 நவம்பர் வரை ஓடியது. 2020இல் வந்த இறுதி முடிவு: 1.8 × 10²⁶ ஆண்டுகளுக்கு மேல். அதாவது ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி கோடி கோடி ஆண்டுகளுக்குக் குறைவாக இந்தச் சிதைவின் அரை ஆயுள் இருக்க முடியாது. ஒரு கிலோ ஜெர்மானியம்-76ஐ எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் அது நடக்காது. நியூட்ரினோவின் எடைக்கு இதிலிருந்து கிடைத்த மேல் எல்லை 0.079 முதல் 0.18 எலக்ட்ரான் வோல்ட். ஒரே எண்ணாக இல்லாமல் இப்படி அகலமாக இருப்பதற்குக் கருவி காரணமில்லை. 76 துகள்கள் நெருக்கியடித்திருக்கும் ஓர் அணுக்கருவுக்குள் நடப்பதைக் கணக்கிடும் கோட்பாடுகள் ஒன்றோடொன்று இரண்டு மூன்று மடங்கு முரண்படுகின்றன. பொன்னான அளவீட்டை மங்கலாக்குவது கோட்பாட்டின் இந்தக் குறைதான். இளம் கோட்பாட்டாளர்களுக்கு இதைவிட நல்ல வேலை வேறு எங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

‘காணவில்லை’ என்ற முடிவைத் தோல்வி என்று செய்திகள் சுருக்கிவிடுகின்றன. கெர்டா முடிந்தபோது, நான்கு ஆண்டு இரண்டாம் கட்டத்திலும் சிதைவு தெரிய வேண்டிய இடத்தில் எதிர்பார்த்த பின்னணி ஒரு நிகழ்வுக்கும் குறைவு. பூமியில் மனிதர்கள் உருவாக்கிய மிக அமைதியான இடங்களில் ஒன்று அது. இந்த அமைதி ஒரு கண்டுபிடிப்புக்கு நிகரானது.

இனி கார்ல்ஸ்ரூ. அங்கே நடக்கும் காட்ரின் சோதனையில் நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளா என்ற கேள்வி வராது. ட்ரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகை, 12.3 ஆண்டு அரை ஆயுளோடு சாதாரண பீட்டா சிதைவு அடைகிறது, 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை எலக்ட்ரானும் நியூட்ரினோவும் பங்கிட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு எடை இருந்தால், எலக்ட்ரானுக்கு எவ்வளவு தாராளமாகப் பங்கு கொடுத்தாலும், தன் எடைக்குச் சமமான ஆற்றலை அது விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே எலக்ட்ரான் பெறக்கூடிய உச்ச ஆற்றலில் அந்த எடையளவு துண்டு விழும். அந்தக் கடைசி நுனியை அளக்க வேண்டும். ட்ரிட்டியத்தில் சிதைவுக்குப் பஞ்சமில்லை, நொடிக்குப் பத்தாயிரம் கோடி நடக்கிறது. ஆனால் கடைசி ஒரு எலக்ட்ரான் வோல்ட் நுனிக்கு வருபவை ஐந்து லட்சம் கோடியில் ஒன்றுதான். அபூர்வம் இங்கே வேறு வேடத்தில் வருகிறது.

வேகம் குறைந்த எலக்ட்ரான்களைத் திருப்பியனுப்பி நுனியில் உள்ளவற்றை மட்டும் விட, 23 மீட்டர் நீளமும் பத்து மீட்டர் விட்டமும் 200 டன் எடையும் கொண்ட வெற்றிடத் தொட்டி வேண்டியிருந்தது. அதை பவேரியாவின் டெகண்டார்ஃபில் செய்தார்கள். கார்ல்ஸ்ரூ அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர்தான். அவ்வளவு பெரிய தொட்டி எந்தச் சாலையிலும் போகாது. டான்யூப் நதியில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் எனச் சுற்றி, ரைன் நதி வழியாக மேலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். 2006 நவம்பர் 25 அன்று லியோபோல்ட்ஸ்ஹாஃபன் ஊர்த் தெருவில், வீட்டுக் கூரைகளை உரசாத குறையாக அது ஊர்ந்து போனதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2018இல் சோதனை தொடங்கியது. 2019இல் மேல் எல்லை 1.1 எலக்ட்ரான் வோல்ட், 2022இல் 0.8, 2025 ஏப்ரலில் 259 நாள் தரவிலிருந்து 0.45. நியூட்ரினோ எலக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பது இப்போது நேரடி அளவீடு. காட்ரினின் எல்லை கெர்டாவுடையதைவிடத் தளர்வானதுதான். ஆனால் நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளான மயோரானா வகையாக இல்லாவிட்டால் கெர்டாவின் எடைக் கணக்கு செல்லாது. காட்ரினுடையது அப்போதும் நிற்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று போதாது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. கோலார் தங்கவயலின் 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் வைத்த கருவிகள் 1965இல் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவு செய்தன. உலகில் அதை முதலில் கண்டவர்களில் அவர்கள் அடக்கம். அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள். 2001இல் தங்கவயல் மூடப்பட்டதோடு அந்த ஆழமும் கைவிட்டுப் போனது. டாட்டா நிறுவன ஆய்வாளர்கள் வெள்ளீயம்-124இல் இதே நியூட்ரினோ இல்லாத இரட்டை பீட்டா சிதைவைத் தேட டின்-டின் என்ற திட்டத்தைத் தீட்டி, அதற்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்து மலையடி ஆய்வகத்தை நம்பியிருந்தார்கள். ஊர்மக்களின் எதிர்ப்பும் மாநில அரசின் மறுப்பும் அதை நிறுத்திவிட்டன. அந்த மக்களின் கேள்விகள் நியாயமானவை. மலைக்குள் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று முதல் நாளிலிருந்தே அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017 முதல் ஒரு சிறிய நிலத்தடி ஆய்வகம் இயங்குகிறது. ஜெர்மனி தன்னிடம் இல்லாத ஆழத்தை இத்தாலியில் தேடிக்கொண்டது. நமக்கும் அந்த வழி மூடப்படவில்லை.

கெர்டாவின் தொட்டியும் குளிர்கலமும் ஓய்வெடுக்கவில்லை. மயோரானாவின் பெயரில் இதே சிதைவைத் தேடிய அமெரிக்கக் குழுவும் கெர்டா குழுவும் இணைந்து லெஜண்ட்-200 என்ற பெயரில் 2023இலிருந்து அதே கிரான் சாஸ்ஸோவில் தரவு எடுக்கின்றன. செம்பு பாகங்களைக்கூட நிலத்தடியிலேயே மின்பகுப்பால் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். 2025இல் இந்த மூன்று சோதனைகளின் தரவையும் சேர்த்துக் கிடைத்த எல்லை 1.9 × 10²⁶ ஆண்டுகள். அடுத்துத் திட்டமிடப்பட்டிருக்கும் லெஜண்ட்-1000இல் 1,000 கிலோ ஜெர்மானியம் இருக்கும். பத்து ஆண்டுகள் இயங்கி 10²⁸ ஆண்டுகள் வரை எட்டிப் பார்க்கும். மூன்று நியூட்ரினோ எடைகளின் வரிசை, அதாவது எது கனம், எது லேசு என்பது, ஒரு விதமாக இருந்து, நியூட்ரினோவும் மயோரானா வகையாக இருந்தால், அந்தக் கோடு அதற்குள் தெரிந்தே ஆக வேண்டும். வரிசை மறுவிதமாக இருந்தால் 10²⁸உம் போதாமல் போகலாம்.